கண்ணை மூடிச் சொன்னது

உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் மாவு டிரம்மின் வெளிப்புறத்தில் ராணி நீல பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தாள். அரிசியும் உளுந்தும் அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி ஊற்றினால் மாவு அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால்தான் கடைகளுக்கும் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்து ஃப்ளாட்டுகளுக்கும் பாக்கெட் போட்டது போக வீட்டுக்கும் மிஞ்சும். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட அந்த வாரத்தில் மாவு கோட்டுக்குக் கீழேயே நின்றது. மறுநாளும் நின்றது. ராணி டிரம்மை ஆட்டிப் பார்த்தாள். குனிந்து கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள். பிறகு, கிரைண்டருக்குப் பக்கத்தில் குந்திக் கல்லை வழித்துக்கொண்டிருந்த கன்னியம்மாளின் முதுகைப் பார்த்தாள்.

வேப்பம்பட்டில் ரயில்பாதையை ஒட்டின தெரு. வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டு இறக்கின கொட்டகையில்தான் மாவு வேலை. மழை நாளில் ஷீட்டின் மேல் விழும் சத்தத்தில் கிரைண்டர் ஓடுவதே கேட்காது. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். கன்னியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் நடந்து விடியும் நேரத்தில் வந்துவிடுவாள். திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் பழைய ஊர்க்காரி. பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனபின் ஒரு பசுமாடும் இரண்டு கைகளும்தான் மிச்சம். காலையில் ராணி வீட்டில் மாவு, பிறகு ஃப்ளாட்டுகளில் பாத்திரம்.

அவளைப் பற்றி சபையில் ராணி பெருமையாகப் பேசியிருக்கிறாள். "நான் ஒரு வார்த்தை கூப்பிடலை சிஸ்டர். எங்க ஊட்டு நடத்தையைப் பாத்துட்டு அவளே ஜெபக்கூட்டத்துல வந்து குந்தறா." வெள்ளிக்கிழமை மாலைகளில் கன்னியம்மாள் வாசல்படி ஓரமாக உட்கார்ந்து பாட்டுக்குத் தலையாட்டுவாள். பொட்டு வைத்துக்கொண்டேதான் வருவாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இப்போது ராணிக்கு அவள் செய்வதெல்லாம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள் ஏன் இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள்? மாவை ஊற்றிவிட்டு அவளும் ஏன் டிரம்மை ஒரு பார்வை பார்க்கிறாள்? பார்த்துவிட்டு ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்?

போகும்போது கன்னியம்மாள் ஒரு பக்கெட் எடுத்துப் போவாள். அரிசி களைந்த கழனித் தண்ணீர், மாட்டுக்கு. வழக்கமான பக்கெட், வழக்கமான தண்ணீர். அதன்மேல் மழைக்காக ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கட்டியிருந்தாள். கவர் போட்டிருந்ததுதான் ராணியை உறுத்தியது.

"அதுக்கு இன்னாத்துக்குடி கவரு?"

"மழத்தண்ணி பூந்துடுச்சின்னா மாடு வாய வெக்காதுக்கா. அதுக்கு வாய் ருசி உன் ஊட்டுக்காரரைவிட ஜாஸ்தி."

ராணி சிரிக்கவில்லை. "குடு, நான் தூக்கியாறேன்" என்று வாங்குகிறவள்போலப் பக்கெட்டைப் பிடித்து, கவரை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை நனைந்தது. அடியில் வெள்ளையாக, வழவழவென்று படிந்திருந்தது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். கழனித் தண்ணீரில் அடிமண்டி இருக்கும்தான். ஆனால் இவ்வளவா இருக்கும்?

கையை வெளியே எடுத்தபோது கன்னியம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாபிராம் பக்கமிருந்து வந்த ரயில் ஒன்று முழுசாகக் கடந்து போனது.

"தூக்கியாறேன்னியே" என்றாள் கன்னியம்மாள். பிறகு அவளே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை முடிந்து வந்தான். லுங்கி மாற்றிக்கொண்டு சூடான தோசையைப் பிய்க்கும்போது ராணி விஷயத்தைச் சொன்னாள்.

"கேட்டுட வேண்டியதுதானே?" என்றான்.

"எப்டிக் கேக்கறது? நாம ரட்சிக்கப்பட்டவங்க. பட்டுனு கேட்டுட்டா அவ ஆத்துமா இன்னா ஆவறது? வந்துகினு கீறவ வராம பூடுவா."

"அப்போ உட்டுடு."

"எப்டி உடறது? கண்ணு முன்னாடி போவுது."

"கேக்கவும் மாட்டேன், உடவும் மாட்டேன்னா இன்னாதாமே பண்ணப்போற?"

"ஜெபம் பண்ணப்போறேன்."

தேவராஜ் இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் ராணி வீட்டில்தான். பாய் விரித்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஃப்ளாட்டிலிருந்து பெனிட்டா வந்திருந்தாள். தெற்கே நாசரேத்து ஊர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கன்னியம்மாள் வாசல்படியில் எல்லாருடைய குடைகளையும் மடக்கிச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பாஸ்டர் கிதியோன் அன்றைக்கு நன்றாகப் பேசினார்.

"ஆண்டவர் எப்பேர்ப்பட்டவர்னு பக்கத்து வீட்டுக்காரங்க எங்க போய்ப் பார்ப்பாங்க? வானத்துலயா? உங்க முகத்துல பார்ப்பாங்க. நீங்க பேசுற பேச்சுல பார்ப்பாங்க. அவர் பொறுமையா, நீங்களும் பொறுமை. அவர் இரக்கமா, நீங்களும் இரக்கம். சிஸ்டர் ராணி ஜெபம் பண்ணுவாங்க."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஜெபத்தில் ராணியின் தமிழ் மாறிவிடும். குரலும் கொஞ்சம் மேலே போய்விடும். மழைக்காக ஜெபித்தாள். நோயாளிகளுக்காக ஜெபித்தாள். பெனிட்டாவின் வெளிநாட்டுப் பயணத்துக்காக ஜெபித்தாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டாள்.

"அப்பா, இந்த வீட்டு உப்பைத் தின்னுட்டே கை வைக்கிற ஒரு ஆத்துமா இப்பவும் இங்க உட்கார்ந்திருக்கு. வாசல்வரைக்கும் வந்தும் உள்ளே வராத ஆத்துமா. அதை உணர்த்தும் ஆண்டவரே. நாங்க மன்னிச்சுட்டோம். நீரும் மன்னியும்."

ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது. ராணி கண்ணைத் திறந்தபோது மற்றவர்களின் கண்கள் எல்லாம் முன்பே திறந்திருந்தன. எல்லாம் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. கன்னியம்மாள் மட்டும் இன்னும் கண்ணை மூடியபடி இருந்தாள். பாஸ்டர் ஆசி சொல்லி முடிக்கும்வரை அவள் திறக்கவில்லை. பிறகு எழுந்து போய் டீயைச் சுடவைத்து எல்லாருக்கும் கொடுத்தாள். பெனிட்டா டம்ளரை வாங்கும்போது தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்; குடித்தபடியே போனில் ஏதோ எழுதினாள். கன்னியம்மாள் அதைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

ராணிக்கு முதலில் ஒரு நிம்மதி இருந்தது. ஆண்டவர் உணர்த்திவிட்டார், அதுதான் வர முகமில்லை. அவளே ஊறவைத்தாள், அவளே அரைத்தாள், அவளே டிரம்மில் ஊற்றினாள். மாவு கோட்டைத் தொடவில்லை.

மறுபடி ஊற்றிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கல்லை வழித்துப் போட்டாள். விரல்களை வழித்துப் போட்டாள். கோடு மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைத் தாலிக்கயிற்றோடு முடிந்துகொண்டாள். தேவராஜ் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம்பு எடுக்க வந்தவன் பூட்டைப் பார்த்துவிட்டு நின்றான். ராணி திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"இன்னாமே, என்னையே பாக்கற?"

"ஒண்ணும் இல்ல."

"பம்புதான் எடுக்கறேன். வோணும்னா மடியைத் தட்டிப் பாரு."

அவன் வேடிக்கையாகச் சொன்னான். ராணி நிஜமாகவே அவன் மடியைப் பார்த்தாள். எஸ்டேட்டில் யாருக்காவது கொடுக்கிறானா? காலையில் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பை ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது? அவன் ரயிலுக்குப் போனபின், இத்தனை வருஷம் வாழ்ந்த புருஷனின் துவைக்காத சட்டையை மோந்து பார்த்து மாவு வாசனை தேடினாள். இரும்பு வாசனைதான் இருந்தது. அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு உளுந்து அரைபடும்போது கிரைண்டரை விட்டு நகரவில்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தாள். உளுந்து இழுக்கவில்லை. தெளித்த தண்ணீர் மேலேயே நின்றது. பொங்கி எழும்ப வேண்டிய மாவு கல்லுக்கடியில் சப்பென்று கிடந்தது. ஒரு துளி எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டாள். மிதக்க வேண்டியது. கல்லைப் போட்டதுபோல அடிக்குப் போனது.

சாயங்காலம் தேவராஜ் செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள். "உளுத்தம்பருப்பு எங்க வாங்கின?"

"எஸ்டேட்டாண்ட நம்ம துலுக்கானம் கடை போட்டுக் கீறான்ல. கம்மியாக் குடுத்தான்."

"எப்போலேந்து?"

"தீவாளியிலேந்து. ஏன்?"

"பழைய பருப்பு. எந்தக் காலத்துச் சரக்கோ. தண்ணியே இழுக்கல. அதான் மாவு காணல."

தேவராஜ் ஒரு செருப்போடு நின்றான். "அப்போ கன்னியம்மா?"

ராணி அவன் கழற்றின செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"சரி, ஆனது ஆச்சு" என்றான் அவன். "ரெண்டு பாக்கெட் மாவைக் குடுத்துக் கூப்டு. வந்துடுவா. தப்பு நம்மளுதுன்னு வெளிய சொல்லிகினு திரியாத. ஊரே சிரிக்கும்."

மறுநாள் ஃப்ளாட்டுக்கு மாவு கொண்டுபோனபோது கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் கன்னியம்மாள் வந்தாளா என்று கேட்டாள்.

"அந்தம்மாவா? உடறதில்லக்கா. பெனிட்டா மேடம் ஃப்ளாட்டுக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டாங்க, எல்லா ஊட்லயும் பேரை எடுத்துட்டாங்க. கேட்டு போன்ல பேரைத் தட்டினா உடாதேன்னு சிவப்பாக் காட்டுது. ஒரு மணி நேரம் மழையிலயே நின்னுகினு இருந்துச்சு பாவம். நான் இன்னா பண்றது?"

ராணி மாடிக்குப் போய்ப் பெனிட்டாவிடம் பாக்கெட்டைக் கொடுத்தாள். பெனிட்டாவே தொடங்கினாள். "நீங்க ஜெபம் பண்ணது நல்லதாப் போச்சு சிஸ்டர். பிள்ளையள வச்சிருக்கோம்லா, பயமால்ல இருக்கு. நீங்க பேரு சொல்லல, ஆனா ஆவியானவர் எனக்கு உணர்த்திட்டாரு."

சொல்லிவிடலாம் என்று ராணியின் வாய் திறந்தது. கொழுப்பில்லாத பாலின் விலையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

பாஸ்டருக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்களா சிஸ்டர்?"

"அழுது பண்ணேன் பாஸ்டர்."

"அப்போ அவர் மன்னிச்சுட்டார். அதோட விடுங்க. கூட்டத்துல இதை எடுக்காதீங்க. புதுசா வந்தவங்க இடறிப்போவாங்க. நம்ம சாட்சி கெட்டுடும், சபைக்குக் கெட்ட பேரு."

போனை வைத்தபின் மனசு லேசாகும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. பாஸ்டர் சொன்னதையே அவள் சந்தேகப்பட்டாள். அதற்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை. ஒரு பையில் மாவுப் பாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.

கன்னியம்மாள் வீட்டு வாசலில் நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மாடு தார்ப்பாய்க்கு அடியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராணியைக் கண்டதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாக்கா, பக்கெட்டு பாக்க வந்தியா? உள்ள கீது, போயி கைய உட்டுப் பாரு."

"கன்னிம்மா..."

"குந்து. ஸ்டூலைத் தொடச்சிட்டுக் குந்து."

ராணி உட்கார்ந்தாள். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "பருப்புதான்டி. அவரு வாங்கினு வந்த பருப்பு. நீ ஒண்ணும் எடுக்கல."

"எனுக்குத் தெரியும் நான் எடுக்கலன்னு."

"மாவு எழும்பலைன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன் ஊட்டுக்காரு ஆசையா வாங்கினு வந்தது. வேலைக்கு வந்தவ நான் இன்னான்னு குறை சொல்றது? நீயே பாப்பேன்னு இருந்தேன். நீ என்னையத்தான் பாத்துகினு இருந்த."

நெத்திலித் தலைகள் தட்டில் குவிந்தன. ஒரு கோழி வந்தது. கன்னியம்மாள் ஒரு தலையை எறிந்தாள். இருவரும் கோழி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்றாள் ராணி.

"அவரு ஊட்டு கேட்லயா என்னை உடமாட்டேங்கறாங்க?"

ராணி பையின் காதை முறுக்கினாள்.

"நீ எங்கிட்டக் கேட்டிருந்தா நான் கத்தியிருப்பேன். தெருவைக் கூட்டியிருப்பேன். நாலு நாள் பேசாம இருந்துட்டு அப்பால வந்திருப்பேன். நீ எங்கிட்டக் கேக்கல, அவர்கிட்ட சொல்லிட்ட. அவராண்ட போயி நான் எப்டிக்கா சண்டை போடறது? அதுல மன்னிச்சிட்டேன்னு வேற சொன்ன. கண்ணை மூடிகினு கேட்டுகினே இருந்தேன். யாரையோ சொல்றன்னு நெனச்சேன். வாசல்னு சொன்ன பாரு, அப்பதான் தெரிஞ்சுது நான்தான்னு."

"இப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லு."

"எல்லாரும் குந்திகினு கீறசொல்லோ சொல்லு. கண்ணைத் தொறந்துகினு சொல்லு. நீ கண்ணை மூடிகினா யார்கிட்ட சொல்றன்னு எனுக்குத் தெரியாது." பிறகு ராணியின் மடியில் இருந்த பையைப் பார்த்து, "அத்த எடுத்துகினு போ. அந்தப் பருப்பு இட்லி கல்லு மாதிரி இருக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மாள் வருவாள் என்று ராணி நம்பவில்லை. கூட்டம் தொடங்கினபின் வந்தாள். உட்காரவில்லை, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெனிட்டா பாஸ்டரைப் பார்த்தாள். பாஸ்டர் ராணியைப் பார்த்தார். செய்தி முடிந்ததும் ராணியின் பேரைச் சொல்லாமல் வேறொரு சகோதரியை ஜெபிக்கச் சொன்னார்.

ராணி எழுந்தாள். "கண்ணை மூடாதீங்க. இது ஜெபம் இல்ல."

"சிஸ்டர், கூட்டம் முடியட்டுமே" என்றார் பாஸ்டர்.

"போன வாரம் நான் கன்னியம்மாவைத்தான் சொன்னேன். அவ ஒண்ணும் எடுக்கல. எங்க பருப்பு பழசு, மாவு கொறஞ்சிச்சு. அவளாண்ட கேக்க எனுக்கு தைரியம் இல்ல. ஜெபத்துல வெச்சு அவளைத் திருடின்னு சொல்லிட்டேன். ஆண்டவரைக் கூட்டு சேத்துகினு பொய் சொன்னேன்."

கொச்சையாக, தன் தெருப்பேச்சில்தான் அத்தனையும் வந்தது. தேவராஜ் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். யாரும் ஆமென் சொல்லவில்லை. எதற்குச் சொல்வதென்று தெரியவில்லை.

கன்னியம்மாள் கதவை விட்டு நகர்ந்து பெனிட்டாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "கேட்டியாம்மா? இப்போ குரூப்புல போடு."

"வீட்டுக்குப் போயிப் போடுதேன்க்கா. இங்க நெட் கெடைக்கல."

"என்னை எடுத்தப்போ இங்கேந்துதானே போட்ட? டீ குடிச்சிகினே போட்டியே, நான் பாத்தேன்."

பெனிட்டாவின் முகம் சிவந்தது. போனை எடுத்து வேகமாக எழுதினாள். எழுதி அனுப்பியதும் போன் 'டிங்' என்றது. கன்னியம்மாள் அந்தப் போனைக் கையை நீட்டி வாங்கி ராணியிடம் கொடுத்தாள்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக் கீறா, நீ படி."

இங்கிலீஷில் இருந்தது. பத்தாவதுவரை படித்த ராணி எழுத்துக் கூட்டினாள். ஏதோ தவறான புரிதல் இருந்தது, வேலைக்காரம்மா பிரச்சினை தீர்ந்துவிட்டது, வர விடலாம். அவ்வளவுதான் இருந்தது. பெனிட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணால் கெஞ்சினாள். பாஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். 'எல்லாம் நல்லபடியாத்தான் எழுதிக் கீது' என்று சொல்லிவிட்டால் எல்லாரும் டீ குடிக்கப் போகலாம். கன்னியம்மாளுக்கு வேலையும் கிடைத்துவிடும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"நீ திருடலன்னு எழுதல" என்றாள் ராணி. "ஏதோ தப்பாப் புரிஞ்சிகினோம், தீந்துடுச்சின்னுதான் எழுதிக் கீது."

"சிஸ்டர்!" என்றாள் பெனிட்டா.

"மாத்தி எழுதும்மா. நான் சொல்றதை அப்டியே எழுது. நான் பொய் சொன்னேன்னு என் பேரைப் போட்டே எழுது."

பெனிட்டா அனுப்பியதை அழித்தாள். பிறகு, முன்பைப்போல வேகமில்லாமல், எழுதினாள். கன்னியம்மாள் மறுபடியும் அதை வாங்கி ராணியின் கையில் வைத்தாள்.

"கன்னியம்மாள் எதுவும் எடுக்கல" என்று ராணி தமிழில் மாற்றிப் படித்தாள். "ராணிதான் தப்பாச் சொன்னாங்க. அதை விசாரிக்காம நான் உங்களுக்கு அனுப்பினேன். அவங்களை உள்ள விடுங்க."

"மெய்யாலும் அப்டித்தான் எழுதிக் கீதா?"

"மெய்யாலும்."

கன்னியம்மாள் ராணியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு, அங்கிருந்து வாய்க்கு, மறுபடியும் கண்ணுக்கு. இத்தனை நாள் தான் மற்றவர்களைப் பார்த்த பார்வை இப்படித்தான் இருந்திருக்கும் என்று ராணிக்குப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. திருப்பவில்லை.

நம்பினாளா இல்லையா என்று கன்னியம்மாளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.

ராணி முதலிலிருந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.